வயலின் உமி, கரையின் மணல்

(திருகோணமலையில் நிகழ்த்திய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த மேடையில் எனக்கு முன் பேசியவர்கள் கோணேசர் கல்வெட்டைப் பற்றியும், கோட்டைச் சுவரைப் பற்றியும், துறைமுகத்தின் ஆழத்தைப் பற்றியும் பேசினார்கள். நான் உமியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். முப்பது வருடம் விவசாயப் போதனாசிரியராக இருந்தவனிடம் வேறு என்ன எதிர்பார்ப்பீர்கள்? கோணேசர் கல்வெட்டு என்ற அந்த நூலை வாசித்தவர்களுக்குத் தெரியும், அதிலும் வயலும் நெல்லும் வந்துகொண்டேதான் இருக்கும். குளக்கோட்ட மன்னன் கோணேசர் கோயிலைக் கட்டியதோடு நிற்கவில்லை. கோயில் நடக்க வயலையும் விட்டான்.

மேசையில் இரண்டு யோகட் கப் வைத்திருக்கிறேன். இரண்டின் அடியிலும் ஆணியால் துளை போட்டிருக்கிறது. ஒன்றில் நிலாவெளி மணல் மட்டும். மற்றதில் அதே மணலோடு, நேற்றே ஊறவைத்த உமிக்கரி ஒரு பிடி. இரண்டிலும் ஒரே அளவு தண்ணீர் ஊற்றுகிறேன். கீழே இருக்கும் கிண்ணங்களில் சொட்டட்டும். நாம் பேசிக்கொண்டிருப்போம்.

உமிக்கரி என்றதும் எனக்கு முதலில் நினைவு வருவது என் அம்மம்மாவின் பல். எழுபத்தைந்து வயதில் கச்சான் கடித்த பல் அது. அடுப்பில் உமி கருகியதை அள்ளி, கொஞ்சம் உப்பும் சேர்த்து, கிணற்றடியில் ஒரு சிரட்டையில் வைத்திருப்பார். இன்று உலகம் முழுக்க ‘பயோசார்’ என்று பெயர் சொல்லிக் கருத்தரங்கு வைக்கிறார்களே, உயிர்க்கரி என்று நாம் மொழிபெயர்க்கிறோமே, அதற்கு மிகக் கிட்டிய சொந்தக்காரன் அந்தச் சிரட்டையில்தான் இருந்தான். பல்லுக்குப் போட்டதை மண்ணுக்குப் போட நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை, அவ்வளவுதான்.

ஜப்பானியர்கள் போட்டார்கள். உமியைக் கருக்கி நாற்றுமேடையில் கலப்பது அங்கே பழைய வழக்கம். குன்தான் என்பார்கள். 1984இல் வந்த மண்வளச் சட்டத்தின் வழியாக, கரியை மண் திருத்தும் பொருள்களில் ஒன்றாக அரசே ஏற்றுக்கொண்டது. ஜப்பான் என்றால் நம் ஊர்க் கிழவர்களுக்கு அவர்களின் விமானங்கள் தாக்கிய 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையும், நாட்கணக்காக எரிந்த எண்ணெய்த் தாங்கியும்தான் ஞாபகம் வரும். அவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய நெருப்பு வேறொன்றும் இருந்திருக்கிறது.

அந்த நெருப்பை எப்படி மூட்டுவது என்று சொல்கிறேன். பழைய தகர டின் ஒன்றில் சுற்றிலும் ஆணியால் துளை போடுங்கள். மேலே ஆளுயரப் புகைக்குழாய் ஒன்றைச் செருகுங்கள். வெட்ட வெளியில், காற்று அதிகம் இல்லாத நேரத்தில், நாலைந்து சிரட்டையைப் பற்றவைத்து அதன்மேல் டின்னைக் கவிழ்த்து, சுற்றிலும் பத்து மூட்டை உமியைக் குவியுங்கள். தீ உள்ளே இருக்கும், உமி வெளியே இருக்கும். முதல் அரை மணித்தியாலம் வெள்ளைப் புகை கண்ணைக் கரிக்கும். பிறகு குழாயை ஒட்டினாற்போல், குவியலின் உச்சியில், சாந்துப் பொட்டு வைத்தது மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி தெரியும். அது வட்டமாகும், வட்டம் கீழே இறங்கும். நீண்ட கைப்பிடிச் சுரண்டியால் அடியில் கிடக்கும் பழுப்பு உமியை மேலே இழுத்துவிட வேண்டும். குவியல் முழுவதும் கறுத்து, அங்கங்கே மட்டும் பழுப்பு எஞ்சியிருக்கும் நேரம்தான் பதம். உடனே டின்னை எடுத்து, கரியை மெல்லிசாகப் பரப்பி, வாளி வாளியாகத் தண்ணீர் அடிக்க வேண்டும். சுர்ரென்று ஆவி எழும்பும். அந்தச் சத்தம் நிற்கும்வரை அடிக்க வேண்டும்.

தண்ணீர் அடிக்காவிட்டால் என்ன ஆகும்? என் முதல் குவியலைக் கேளுங்கள். மாலை ஆறரைக்குக் கறுத்து நின்றது. தண்ணீர் இரண்டு வாளி அடித்துவிட்டு, போதும் என்று சாப்பிடப் போனேன். விடிய வந்து பார்த்தால் பத்து மூட்டை உமிக்கு ஒன்றரைக் கடகம் வெள்ளைச் சாம்பல். நடுவில் இன்னும் கணகணவென்று இருந்தது. மனைவி பாத்திரம் துலக்க எடுத்துக்கொண்டார்.

கரிக்கும் சாம்பலுக்கும் உள்ள வித்தியாசம்தான் இந்தப் பேச்சின் பாதி. காற்று தாராளமாகக் கிடைத்தால் உமியிலுள்ள காபன் முழுவதும் வாயுவாகப் போய்விடும். மிஞ்சுவது சிலிக்கா, அதாவது மணலின் உறவு, அதோடு கொஞ்சம் பொற்றாசியம் போன்ற உப்புகள். காற்றுக் குறைவாக, நானூறு ஐந்நூறு பாகை செல்சியஸ் சூட்டில் வெந்தால், புகையாகப் போகக்கூடியது போய், மீதிக் காபன் வளையம் வளையமாக இறுகிக்கொள்ளும். மண்ணிலுள்ள நுண்ணங்கிகளுக்கு அந்த வளையத்தைக் கடிக்கப் பல் கிடையாது. நம் வெயிலில் கூட்டெரு ஒரு போகத்திலோ மறு போகத்திலோ கரைந்து போகிறது. கரி அப்படிப் போகாது. நூறு நூறு வருடமாகக் கிடக்கும்.

கிடக்கும் என்பதற்குச் சாட்சி அமேசன் காட்டில் இருக்கிறது. அங்கே சாதாரண மண் கழுவுண்டு வெளுத்த மண். அதன் நடுவே திட்டுத் திட்டாகக் கறுப்பு மண். போர்த்துக்கீசர் வருவதற்கு எத்தனையோ நூற்றாண்டுகளுக்கு முன் அங்கே குடியிருந்தவர்கள் அடுப்புக்கரி, மீன்முள், உடைந்த சட்டி, மனிதக் கழிவு எல்லாம் கொட்டிக் கொட்டி ஆன மண் அது. இன்றும் அதில் பயிர் வைக்கிறார்கள். விம் சொம்புரோக் என்ற ஒல்லாந்து மண்ணியலாளர் 1966இல் அமேசன் மண்களைப் பற்றி எழுதிய நூலில் அதை விரிவாகக் காட்டினார். அவர் கண்ணில் அது பட்டதற்கு ஒரு காரணம் சொல்வார்கள். 1944-45 குளிர்காலத்தில் ஒல்லாந்தில் பஞ்சம், அவர் சிறுவன். தலைமுறை தலைமுறையாக முன்னோர் வீட்டுச் சாம்பலும் எருவும் போட்டுக் கறுக்க வைத்த ஒரு துண்டு நிலம் அந்தக் குடும்பத்தைக் காப்பாற்றியது. கறுப்பு மண் என்றால் என்ன என்று பசியில் படித்தவர்.

அமேசன் கதையைச் சொல்பவர்கள் பலர் கரியை மட்டும் எடுத்துக்கொண்டு மீன்முள்ளை விட்டுவிடுகிறார்கள். நான் செய்த இரண்டாவது பிழையும் அதுதான். ஓய்வு பெற்ற பிறகு நிலாவெளியில் கால் ஏக்கர் மணலில் கத்தரியும் வெங்காயமும் போட்டேன். ஈரம் காய்ந்த புதுக்கரியை அப்படியே பாத்தியில் கொத்திவிட்டேன். மூன்றாம் கிழமை கத்தரி இலை மஞ்சளித்தது. வயிறு காலியான கரி, நான் போட்ட யூரியாவையே பயிருக்கு முன் பிடித்து வைத்துக்கொண்டது. பக்கத்துத் தோட்டக்காரர் வேலியில் கைவைத்தபடி, “என்ன ஐயா, கத்தரிக்குச் செங்கமாரியோ?” என்று கேட்டார். அதன்பிறகு கரியை மாட்டுச் சாணக் கரைசலிலும் மாட்டு மூத்திரத்திலும் இரண்டு கிழமை ஊறவைத்து, அல்லது கூட்டெருக் குவியலிலேயே சேர்த்து மக்கவைத்துத்தான் போடுகிறேன். கரி தானாகவே அமோனியத்தை நன்றாகப் பிடிக்கும், நைத்திரேற்றை அவ்வளவாகப் பிடிக்காது. கூட்டெருவோடு கிடந்து வந்த கரி நைத்திரேற்றையும் பிடித்து வைத்திருப்பதை ஜெர்மனியில் ஆராய்ந்து காட்டியிருக்கிறார்கள். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி வெங்காயம் போடும் நமக்கு அது சின்ன விடயமல்ல. மணலில் போட்ட யூரியாவில் பயிர் குடித்தது போக மிச்சம் எங்கே போகிறது? அந்தக் கிணற்றுக்குத்தான்.

ஆக, கரி பசளை அல்ல. பசளையை வைக்கும் பாத்திரம். 2021 மே மாதம் ஒரே இரவில் இரசாயனப் பசளை இறக்குமதியை நிறுத்தினார்களே, அந்த மாதங்களில் என்னைத் தேடி வந்தவர்கள் எல்லாம் கேட்டது ஒரே கேள்விதான்: “ஐயா, யூரியாவுக்குப் பதிலாக உமிக்கரி போடலாமா?” சோற்றுக்குப் பதிலாகச் சட்டியைச் சாப்பிடலாமா என்று கேட்பது போல இருந்தது. ஆனால் அவர்களைப் பார்த்துச் சிரிக்க எனக்கு மனம் வரவில்லை. சேதனப் பசளை வரும் வரும் என்றார்கள். சீனக் கப்பலில் வந்ததும் கிருமி இருக்கிறது என்று இறங்காமல் கடலில் நின்றது. அந்த வருடம் நவம்பரில் தடையை எடுத்தபோது பெரும்போக விதைப்பு நடந்துகொண்டிருந்தது. அந்தப் போகத்து அறுவடை எவ்வளவு சரிந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அப்போது உமிக்கரியைப் பற்றி மேடை மேடையாகப் பேசியவர்கள் அதற்குச் செய்த கெடுதி பெரிது. இன்றைக்கும் சில கமக்காரர் கரி என்றதும் முகம் சுளிப்பது அதனால்தான்.

பாத்திரம் யாருக்குத் தேவை என்று அடுத்துக் கேட்க வேண்டும். 2017இல் சைமன் ஜெஃப்ரி என்ற ஆய்வாளரும் அவரோடு சேர்ந்தவர்களும் உலகெங்கும் நடந்த கரிப் பரிசோதனைகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். வெப்பமண்டலத்தில் சராசரியாக 25 விழுக்காடு விளைச்சல் கூடியிருந்தது. குளிர்நாடுகளில் ஒன்றும் கூடவில்லை. வெப்பமண்டல மண்களில் பல புளித்த மண், சத்துப் பிடிக்காத மண். கரியின் காரம் புளிப்பை முறிக்கும். குளிர்நாட்டு மண்ணுக்கு ஏற்கெனவே சுண்ணாம்பும் பசளையும் போதியளவு கிடைத்துவிட்டன. அந்த 25ஐ வெட்டி எடுத்து நம் மாவட்டத்தின் மீது ஒட்டிவிடாதீர்கள். திருகோணமலை ஒரு மண் அல்ல.

தம்பலகாமம், கந்தளாய், கிண்ணியா, மூதூர் வயல்களை நினைத்துப் பாருங்கள். கந்தளாய்க் குளம் பாய்ந்த தாழ்நில வயல், மகாவலி கொட்டியாரக் குடாவில் விழுவதற்கு முன் கொண்டுவந்து படிய வைத்த வண்டல். அங்கே மிதித்தால் கால் புதையும். தண்ணீரையும் பசளையையும் அந்தக் களி தானே பிடித்து வைத்திருக்கும், அதற்குப் பாத்திரம் இருக்கிறது. வேண்டுமானால் உமிக்கரியிலுள்ள சிலிக்கன் நெல்லுக்கு உதவும். நெல், நைதரசனைக் காட்டிலும் அதிகமாகச் சிலிக்கனை உறிஞ்சும் பயிர். சிலிக்கன் குறைந்தால் எரிபந்த நோய் சுலபமாக ஏறும். விவசாயத் திணைக்களம் அரைகுறையாக எரித்த உமியை வயலுக்குப் பரிந்துரைப்பதில் நியாயம் இருக்கிறது. போட்டவுடன் தண்ணீர் கட்டினால் கரி மிதந்து, காற்றடித்த பக்கத்து வரம்பு மூலையில் கறுப்புப் பாசி போல ஒதுங்கி நிற்கும் என்பதை மட்டும் பரிந்துரையில் எழுதமாட்டார்கள். உழுது புரட்டிய பின்தான் தண்ணீர்.

இப்போது வடக்கே வாருங்கள். சாம்பல்தீவு தாண்டி நிலாவெளி, இறக்கக்கண்டி, குச்சவெளி, அப்படியே புல்மோட்டை வரை கரையோர மணல். மாரியில் நாலு மாதம் கொட்டித் தீர்த்த மழை, தையில் எங்கே போனது என்று தேட வேண்டிய மண். வெங்காயக்காரர் விடியவும் இறைப்பார், பொழுதுபடவும் இறைப்பார். போட்ட பசளை ஒரு மழைக்கு வேருக்குக் கீழே போய்விடும். பாத்திரம் இல்லாத வீடு அதுதான்.

உமி விளைவது தெற்கே, கரி தேவைப்படுவது வடக்கே. நாற்பது, ஐம்பது மைல்தான் இடைவெளி. நடுவில் துறைமுகம். நான் இன்றைக்குச் சொல்ல வந்தது இவ்வளவுதான், மற்றதெல்லாம் இதற்குக் கணக்கு.

கணக்கைப் பாருங்கள். ஆராய்ச்சிக்காரர் சாதாரணமாகச் சொல்லும் அளவு ஹெக்டேருக்குப் பத்துத் தொன். சதுர மீற்றருக்கு ஒரு கிலோ. என் கால் ஏக்கருக்கு ஒரு தொன் கரி. ஒரு தொன் கரிக்குக் கிட்டத்தட்ட மூன்று தொன் உமி. நெல்லில் ஐந்தில் ஒரு பங்கு உமி என்றால், பதினைந்து தொன் நெல். ஏக்கருக்கு இரண்டு தொன் விளைந்தால் ஏழெட்டு ஏக்கர் வயலின் உமி முழுவதும் என் கால் ஏக்கர் மணலுக்கு! இதைக் கேட்டுவிட்டு மாவட்டம் முழுவதையும் கறுப்பாக்கலாம் என்று திட்டம் போடுபவர் யாராவது இருந்தால் கை தூக்கட்டும்.

அதனால் நான் பரப்புவதை நிறுத்திவிட்டேன். நாற்று வரிசைக்கு நேர் அடியில் மட்டும், ஒரு போகத்துக்கு ஒரு கைப்பிடி. போட்டது கரையப் போவதில்லை, அடுத்த போகம் அதன்மேல் இன்னொரு பிடி. முதல் வருடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வருடத்தில்தான் நடுமதியம் தலை தொங்கும் மிளகாய்க் கன்று மாலை இறைப்பு வரை நிமிர்ந்து நின்றது. மண்வெட்டியால் கொத்தினால் மணல் உதிராமல் கட்டியாக வந்தது. மண்புழுவும் இருந்தது. கரியால் வந்ததா, கரி சுமந்த சாணத்தால் வந்ததா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியாது.

உமியும் சும்மா கிடப்பதில்லை. புழுங்கல் ஆலைக்காரர் நெல் அவிக்க உமியைத்தான் எரிக்கிறார். செங்கல் சூளைக்காரர் கேட்கிறார், கோழிப்பண்ணைக்காரர் கேட்கிறார். துறைமுகக் கரையில் டோக்கியோ சீமெந்து நிறுவனம் உயிர்ப்பொருளை எரித்து மின்சாரம் எடுக்கிறது, அங்கும் உமி எரிபொருள்தான். ஒரு காலத்தில் இலவசமாக ஏற்றிவந்த உமிக்கு இன்று விலை பேச வேண்டியிருக்கிறது. அதில் எனக்குக் கோபமில்லை. சம்பூரில் வருவதாக இருந்த நிலக்கரி மின்நிலையம் 2016இல் கைவிடப்பட்டபோது சந்தோஷப்பட்டவர்களில் நானும் ஒருவன். நிலக்கரிக்குப் பதில் உமி எரிவது நல்லதுதான். ஆனால் எரிக்கும் உலையை முழுச் சாம்பலாகும் முன் கரியாகவும் கொஞ்சம் விட்டுத்தரும்படி அமைக்க முடியும். மெத்திகா விதானகேயும் அவரோடு சேர்ந்த ஆய்வாளர்களும் விறகு மின்நிலையத்தில் மிஞ்சிய கிளிறிசிடியாக் கரியை எடுத்து, நிக்கலும் குரோமியமும் இயற்கையாகவே மிகுந்த வஸ்கமுவ மண்ணில் கலந்து தக்காளி வைத்துப் பார்த்தார்கள். அந்த உலோகங்கள் பயிருக்குள் போவது குறைந்தது, தக்காளியும் நன்றாக வந்தது. மின்சாரமும் கரியும் ஒரே அடுப்பில் வரும் என்பதற்கு நம் நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. ஆலைகளின் கொதிகலனை அப்படி மாற்றித் தருவதற்குக் கடன் கொடுக்கும் வங்கி எதையும் நான் இன்னும் காணவில்லை.

“அப்போ வைக்கலைக் கருக்கலாமே, அது வயலில் மலையாகக் கிடக்கிறதே” என்று கேட்பார்கள். வேண்டாம். வெட்டு மெசின் போன பிறகு வரிசையாகக் கிடக்கும் வைக்கலுக்கு நெருப்பு வைக்கிறவர்களிடம் நான் முப்பது வருடம் சண்டை பிடித்தவன். கரி என்ற பெயரில் அதே நெருப்பை மறுபடி வைக்கச் சொல்லமாட்டேன். நெற்பயிர் எடுத்த பொற்றாசியத்தில் பெரும்பங்கு வைக்கலில்தான் நிற்கிறது. அதைப் பரவி, உழுது, அந்த வயலுக்கே கொடுத்துவிடுங்கள். வயலைவிட்டு ஆலைக்குப் போய்த் திரும்பி வராத உமிதான் கரிக்கு உரியது.

காபன் காசு பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிறுவனங்கள் மண்ணில் தங்கும் காபனுக்காகக் கரிக்குப் பணம் தருகின்றன, ஏக்கர்க்கணக்கில் பதியலாம் என்று ஊரில் சிலர் படிவத்தோடு திரிகிறார்கள். உமிக்கரியில் பத்துக்கு நாலு பங்கு சிலிக்காவும் சாம்பலும். காபன் பாதிக்கும் குறைவு. ஒரு தொன் உமிக்கரி மண்ணில் கிடந்தால் ஒன்றரைத் தொன்னுக்குச் சற்று மேலான காபனீரொட்சைட்டு வானத்துக்குப் போகாமல் நிற்கும். மரக்கரிக்குச் சொல்லும் கணக்கை உமிக்கரிக்குச் சொல்கிறவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.

இனி லொறி. மூன்று தொன் உமி முப்பது கன மீற்றர் இடம் பிடிக்கும். காற்றை ஏற்றி டீசல் எரிப்பது போலத்தான். ஆலையடியிலேயே கருக்கி, நனைத்து, உலர்த்தி, மூட்டை கட்டினால் ஒரு தொன், ஏழெட்டுக் கன மீற்றர். ஆகவே குவியல் எரிய வேண்டியது கந்தளாயிலும் கிண்ணியாவிலும், ஆலைக்குப் பின்னால். கருக்குகிறவருக்கு முகக்கவசம் கட்டாயம், காய்ந்த உமிக்கரித் தூசி நெஞ்சுக்கு ஆகாது. சூடு அளவுக்கு மீறினால் சிலிக்கா படிகமாகிவிடும், அது இன்னும் கெடுதி. குச்சவெளியிலிருந்து வெங்காயம் ஏற்றித் தெற்கே போகும் லொறிகள் திரும்பும்போது வெறுமையாகத்தான் வருகின்றன. அவர்களிடம் பேசிப் பார்த்தேன். “மூட்டை ஈரமில்லாமல், கட்டு அவிழாமல் இருந்தால் ஏற்றுவோம். இறக்கிய பிறகு பெட்டியைக் கழுவித் தர வேண்டும்” என்றார் ஒருவர். கழுவித் தருவது யார் என்பதில்தான் இரண்டு கமக்காரர் அமைப்புகள் சென்ற மாதம் வரை பேசிக்கொண்டிருந்தன. வரும் சிறுபோக அறுவடைக்குள் பேசி முடிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

கப்புகளைப் பாருங்கள். மணல் கப் நான் ஒல்லாந்துக்காரரைப் பற்றிச் சொல்லும்போதே சொட்டி ஓய்ந்துவிட்டது. கரி கலந்ததும் இப்போது நின்றுவிட்டது. முன்வரிசையில் இருக்கும் விஞ்ஞான ஆசிரியை வந்து இரண்டு கிண்ணத்தையும் அளந்து சொல்லட்டும். வித்தியாசம் இரண்டு மேசைக்கரண்டிக்கு மேல் இராது. மேலே இருந்தால், நான் மணலைச் சரியாக அளந்து போடவில்லை என்று அர்த்தம்.